அக்காவைக் கேட்காமல் வரைந்த எழுத்து

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம். மனசளவில் எப்படி என்று சொல்லத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த வறட்டு இருமல் விட்டதா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன், அவளுக்குத் தனியாகப் பதில் சொல்லிவிடு. அவள் முழங்கால் பழையபடிதான். மாடிப்படி ஏறும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறாள், என்னவோ படிக்கட்டை நான் கண்டுபிடித்த மாதிரி. சமையலறைக் குழாயை இரண்டு தடவை மாற்றியும் சொட்டிக்கொண்டேயிருக்கிறது. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு ஒரு குழாய் அடங்க மாட்டேன் என்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ நாலு தடவை "சரிப்பா" சொல்லிவிடுகிறாய், அப்புறம் உனக்கு ஏதோ கூட்டம் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு நடுவில் நீ "சரிப்பா" சொல்ல முடியாது. அதனால் உட்கார்ந்து முழுசாகப் படி. கோபமாகத்தான் எழுதுகிறேன். பாதிக் கோபம் உன்மேல். மீதி யார்மேல் என்று படித்துக்கொண்டே வந்தால் உனக்கே தெரியும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் உன் பார்சல் வந்தது. நீ மூன்று வருஷமாக உட்கார்ந்து வரைந்த எழுத்துரு, அதில் அச்சடித்த சின்னப் புத்தகம், கணினியில் ஏற்றிக்கொள்ள ஒரு பென் டிரைவ், கூடவே உன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: "டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்காகவே செய்தது. அக்காவின் தேர்வுத் தாளை இதில் அச்சடிக்கச் சொல்லுங்கள், பாஸாகிவிடுவாள்." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதை மறைக்க மாட்டேன். புத்தகத்தை வாசலிலேயே நின்று புரட்டினேன். ஒவ்வொரு எழுத்துக்கும் அடிப்பக்கம் தடித்திருந்தது. ர-வுக்கும் துணைக்காலுக்கும் குழப்பம் வராமல் ர-வின் வாலை நீட்டியிருந்தாய். ன-வின் சுழியும் ண-வின் சுழியும் தள்ளித் தள்ளி நின்றன. என் மகன் தன் அக்காவுக்காக இவ்வளவு செய்திருக்கிறானே என்று நெஞ்சு நிமிர்ந்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பதில் அவளுக்கு இருக்கும் தொல்லைக்கு டிஸ்லெக்சியா என்று ஒரு பெயர் இருக்கிறது என்று முதலில் சொன்னவன் நீதான். பிடிவாதமாகப் பேசிப் பேசி அவளைப் பரிசோதனைக்கு அனுப்பியவனும் நீதான். அந்தச் சான்றிதழ் வரும்வரை என் மகள் சோம்பேறி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பாக எழுதிய ஒவ்வொரு சொல்லையும் ஐம்பது தடவை எழுத வைத்தேன், ஐம்பதாவது தடவையும் தப்பாகவே எழுதினாள், திமிர் என்றேன். ஆகவே நீ செய்த நல்லதை மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே.

பார்சல் வந்த மறுநாளே பரீட்சித்துப் பார்த்துவிடுவோம் என்று நான்தான் ஆரம்பித்தேன். செய்தித்தாளில் ஒரே நீளத்தில் இரண்டு செய்தி எடுத்து, ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொன்றைத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரம்மாவிடம் கொடுத்து உன் எழுத்தில் அடித்து வாங்கிவந்தேன். அக்கா காலை ஷிப்டு முடித்துவிட்டு வந்து கையைக் கழுவிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். நான் எதிரில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வயதுப் பெண்ணை அப்படி உட்கார வைத்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை. செய்தித்தாள் எழுத்தில் நாலு நிமிஷம் பத்து விநாடி. உன் எழுத்தில் நாலு நிமிஷம் இருபத்தைந்து. "நீ சரியாக் கவனிக்கல, இன்னொரு தடவை படி" என்றேன். அவள் தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எழுத்து தெரியுதுப்பா. ரகரம் தெரியுது, கால் தெரியுது, கொம்பு தெரியுது. எல்லாம் நல்லாத்தான் தெரியுது. தெரிஞ்சதெல்லாம் சேர்ந்து ஒரு சொல்லா ஆகிறதுக்குத்தான் எனக்கு நேரமாகுது. தம்பி எழுத்துக்கெல்லாம் கனமாச் செருப்பு மாட்டிவிட்டிருக்கான். அதனால அது வேகமா நடந்துடுமா?" உன் அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. உடனே உனக்குப் போன் போட்டேன், அந்த நாலு பத்தையும் நாலு இருபத்தைந்தையும் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "பழகணும்ப்பா, ரெண்டு வாரம் தினமும் படிக்கச் சொல்லுங்க, வந்துடும்" என்றாய். அக்கா என்ன சொன்னாள் என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவள் இரண்டு வாரம் படித்தாள். ஷிப்டு முடிந்து வந்து டீயைக்கூடக் குடிக்காமல் உன் புத்தகத்தை வைத்துக்கொண்டு விரலை ஓட்டி ஓட்டிப் படித்தாள். தலைவலிதான் மிச்சம். மறுபடி நேரம் பார்த்தபோது நாலு இருபது. அவளுக்கு இந்தத் தேர்வு எவ்வளவு முக்கியம் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அவள் வேலை செய்யும் இடத்தை நீ ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் போகும் ஒவ்வொரு கருவியும் அவள் கைக்கு வந்துதான் போகிறது. ரத்தத்தோடு வருவதை ஊறவைத்து, தேய்த்து, கழுவி, கத்தரிக்கோலின் மூட்டை விளக்கில் பிடித்துப் பார்த்து, கவ்வி சரியாகக் கவ்வுகிறதா என்று சோதித்து, தட்டில் அடுக்கி, துணி சுற்றி, டேப் ஒட்டி, நீராவி எந்திரத்துக்குள் வைக்கிறார்கள். வெளியே எடுக்கும்போது டேப்பில் கோடு கறுத்திருந்தால்தான் சூடு போதுமான அளவு ஏறியது என்று அர்த்தம். அறுபத்துச் சொச்சம் வகைத் தட்டு. எந்தத் தட்டில் எத்தனை கருவி, எது முதலில், எது அடியில் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மற்றவர்கள் பட்டியலைப் பார்த்து அடுக்குகிறார்கள், இவள் பார்ப்பதில்லை. பதினொரு வருஷத்தில் அவள் அனுப்பிய தட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்டவள் ஷிப்டு பொறுப்பாளர் ஆவதற்கு ஒரு எழுத்துத் தேர்வு, ஒரு மணி நேரத்தில் ஐம்பது கேள்வி, சரியான பதிலுக்கு நேரே டிக் அடிக்க வேண்டும். இரண்டு தடவை உட்கார்ந்து இரண்டு தடவையும் முப்பதாவது கேள்வியைத் தாண்டுவதற்குள் மணி அடித்துவிட்டது. அவளிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் அவளுக்கே பொறுப்பாளராக வந்தார்கள். ஏன் தோற்கிறாள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. படிக்கத் தாமதமாகும் என்பதை அவள் பதினொரு வருஷமாக ஒருவருக்கும் தெரியாமல் காப்பாற்றி வைத்திருந்தாள்.

அதை உடைத்தது நான். இன்னும் பழகினால் வந்துவிடும் என்று நானே முடிவுகட்டி, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தேர்வுத் தாளை உன் எழுத்தில் அச்சடிக்கக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதி, அதோடு உன் புத்தகம், பென் டிரைவ், அவளுடைய சான்றிதழ் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியின் பணியாளர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு அதிகாரி இருக்கிறார். ஊழியர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் "நாளைக்கு வாங்க". முதல் நாள் போனேன், கோப்பைப் பார்க்காமலே நாளைக்கு வாங்க என்றார். இரண்டாம் நாள் மேலே கேட்க வேண்டும், நாளைக்கு வாங்க. மூன்றாம் நாள் அவரே வரவில்லை, அவருடைய நாற்காலி சொல்லாததுதான் குறை. நாலாம் நாள் மதியம் ஒன்றரை மணிக்கு அவர் சாப்பிட்டுவிட்டு நடைவழியில் வரும்போது பிடித்துக்கொண்டேன். புத்தகத்தைக் கையில் வாங்கி இரண்டு பக்கம் புரட்டி, "இந்த எழுத்துல அப்படி என்னங்க இருக்கு, எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்தது என்று தெரியவில்லை. "உங்களுக்கு ஒண்ணாத்தான்யா தெரியும். என் பொண்ணுக்குப் படிக்க வராது! அவளுக்கு இந்த எழுத்துதான் மருந்து!" என்று கத்தினேன். கத்தி முடித்துத் திரும்பினால், ஷிப்டு மாறுகிற நேரம், நடைவழி நிறைய ஆட்கள். கழுவுகிற பெண்கள், துணி மடிக்கிறவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். நடுவில் தலையில் வெள்ளைத் தொப்பியோடு, தட்டுகள் அடுக்கிய தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு உன் அக்கா. என்னைப் பார்த்தாள். யாரோ தெரியாதவரைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். அதிகாரி என்னிடமிருந்து தப்பித்தால் போதும் என்று விண்ணப்பத்தில் அங்கேயே சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மூன்று நாள் கெஞ்சியும் கிடைக்காதது கத்தியவுடன் கிடைத்தது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், அதை யாரிடம் காட்டுவது?

ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போடுவாள், தட்டை வைப்பாள், போவாள். உன் அம்மா என்னிடம் பேசினாள், அது பேசாமல் இருந்ததைவிட மோசம். "அவளைக் கேட்டீங்களா? ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை கேட்டீங்களா? நான் வெங்காயம் நறுக்கிக்கிட்டே அவளுக்குப் பாடம் படிச்சுக் காட்டினேனே, அப்பல்லாம் ஒரு தடவை கேட்டா மறக்க மாட்டாளே, அதையாவது என்னைக் கேட்டிருக்கலாமே" என்றாள். வாஸ்தவம். அந்த வெங்காய வாசனையில்தான் அவள் பள்ளிக்கூடத்தையே தாண்டினாள். எனக்கு அது தெரியவே தெரியாது, நான் ஏதோ ஒரு கட்டடத்தின் மாடியில் லிஃப்ட் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஒன்பது நாளுக்கு நடுவில்தான் உன் விஷயம் வெளியே வந்தது. அவளோடு வேலை செய்யும் ஒரு பெண், நல்ல மனசோடுதான், "உங்க தம்பி பெரிய ஆளுக்கா, இங்க பாருங்க" என்று போனில் உன் எழுத்துருவின் இணையப் பக்கத்தைக் காட்டியிருக்கிறாள். அக்கா அதை வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றபடியே படித்தாள். நான் படித்துக் காட்டட்டுமா என்று அம்மா கேட்டதற்கு வேண்டாம் என்றாள். இருபத்தைந்து நிமிஷம். விரலால் வரியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, உன்னுடைய எழுத்திலேயே. மேலே அவள் ஒன்பது வயதுப் போட்டோ, பள்ளிப் பையோடு அழுதுகொண்டு நிற்பது. அந்தப் படம் நம் வீட்டு ஆல்பத்தில் இருந்தது, எப்போது எடுத்துக்கொண்டு போனாய்? கீழே, "படிக்கத் தெரியாத என் அக்காவுக்காக இதை வரைந்தேன்" என்று ஆரம்பித்து, கடைசியில் "இன்று அவள் புத்தகங்களைத் தடையில்லாமல் வாசிக்கிறாள்" என்று முடித்திருந்தாய். அவள் படித்து முடித்துவிட்டுப் போனை மேஜையில் வைத்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுதியிருக்கான்மா. அதை நான்தான் படிச்சேன்" என்றாள். அம்மா அவளைத் தொடப் போனாள், விலகிக்கொண்டாள். அழவில்லை. பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

மகனே, இங்கேதான் எனக்கு உன்மேல் ஆறவே இல்லை. முதல் வரியை விடு, அன்பில் எழுதிவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன். கடைசி வரி? நாலு பத்து, நாலு இருபத்தைந்து என்று நானே உனக்குச் சொன்னேன். உனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வரியை எடுக்காமல் விட்டிருக்கிறாய். லிஃப்ட் அறையில் ஒரு அட்டை தொங்கும், சோதித்தவன் கையெழுத்துப் போட வேண்டும். பிரேக்கைப் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போட்டவனை என் கண்ணெதிரில் வேலையைவிட்டு அனுப்பினார்கள், நானும் அது சரிதான் என்று நின்றேன். உன் பக்கத்தைப் படித்துவிட்டு எங்கேயோ ஒரு அப்பன், என்னைப் போல ஒரு முன்கோபக்காரன், தன் பிள்ளையை உட்கார வைத்து, இதில்கூட உனக்குப் படிக்க வரவில்லையா என்று கேட்பான். நான் கேட்டேனே.

தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது அக்காவே நேராக "நாளைக்கு வாங்க"விடம் போனாள். அந்தப் பிரிவின் தலைமை நர்ஸ் அப்போது அங்கே இருந்தார், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தனக்கு இந்த விசேஷ எழுத்து வேண்டாம், சாதாரண எழுத்தே போதும், ஆனால் கொஞ்சம் பெரிதாக, வரிக்கு வரி நல்ல இடைவெளி விட்டு வேண்டும், அரை மணி கூடுதல் நேரம் வேண்டும், முடிந்தால் கேள்வியை யாராவது வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். வேலையில் தனக்கென்று அவள் எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பெல்லாம் அப்படித்தான், பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஆறே வரி. அதிகாரி, "உங்க அப்பா இதுக்குத்தானம்மா என்கிட்ட அந்தச் சண்டை போட்டாரு?" என்று கேட்க, "அவர் பரீட்சை எழுதல சார், நான்தான் எழுதுறேன்" என்றாளாம். இதை எல்லோர் முன்னாலும் சொன்னாளாம். இனி மறைக்க என்ன இருக்கிறது, மறைக்க இருந்ததை நான்தான் நடைவழியில் கொட்டிவிட்டேனே. அவர் அரை மணி கூடுதல் கொடுத்தார். படித்துக் காட்ட விதியில் இடமில்லை என்றார். எழுத்துருவுக்கு ஏற்கெனவே உத்தரவு ஆகிவிட்டது, அதை மாற்றப் புது விண்ணப்பம் வேண்டும், புது விண்ணப்பத்துக்குப் பதினைந்து நாள் என்றார். தேர்வுக்கு எட்டு நாள்தான் இருந்தது. நான் சண்டை போட்டு வாங்கிய உத்தரவே அவள் கழுத்தைப் பிடித்தது.

தேர்வு நாளன்று நடந்ததைக் கேள். மூன்று பேர் எழுதினார்கள். மேற்பார்வைக்குத் தலைமை நர்ஸ். தாளைப் பிரித்தால், மற்ற இரண்டு பேருக்கும் எழுத்து இருக்கிறது, உன் அக்காவின் தாளில் எழுத்தே இல்லை. கட்டம். வரிவரியாக வெறும் கட்டம், நடுவில் கேள்வி எண்கள் மட்டும். "நாளைக்கு வாங்க" உன் எழுத்துருவைத் தன் கணினியில் ஏற்றித் தாளைத் தயார் செய்திருக்கிறார், அச்சடித்தது கீழ்த்தளத்தில் வேறொரு கணினியில், அதில் உன் எழுத்துரு இல்லை. அச்சடித்தவர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, விசேஷ எழுத்து என்றார்களே, இப்படித்தான் இருக்கும்போல என்று மடித்து உறையில் போட்டுவிட்டார். அக்காவும் முதலில் அப்படித்தான் நினைத்தாளாம், இதுவும் தனக்குத்தான் தெரியவில்லை என்று. ஐந்து நிமிஷம் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். மகனே, வெறும் கட்டத்தைக் காட்டினாலும் குற்றம் தன்மேல்தான் என்று நினைக்கிற அளவுக்கு ஒரு பெண்ணை வளர்த்திருக்கிறேன்.

பிறகு அவள் எழுந்து நின்று தாளைத் தூக்கிக் காட்டினாள். அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். "நாளைக்கு வாங்க" ஏதோ கூட்டத்தில் இருந்தார். வேறு தாள் அச்சடிக்க அவர் கடவுச்சொல் வேண்டும். நாற்பது நிமிஷம் போனது. தலைமை நர்ஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மற்ற இரண்டு பேரும் எழுதி முடித்தவுடன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, "வாம்மா, நான் படிக்கிறேன், நீ பதில் சொல்லு, யார் என்ன கேட்டாலும் நான் பாத்துக்கிறேன்" என்று பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். அவர் கேள்வியைப் பாதி படிக்கும்போதே இவள் பதில் சொல்லியிருக்கிறாள், முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லு என்று இரண்டு தடவை அடக்கவேண்டியிருந்ததாம். ஐம்பது கேள்வியும் இருபத்தெட்டு நிமிஷத்தில் முடிந்தது. நாற்பத்தாறு சரி. ஒரு கேள்வியில் விடையே தப்பாக அச்சாகியிருக்கிறது என்று அவள்தான் கண்டுபிடித்தாள், எந்திரத்தில் எத்தனை நிமிஷம் வைக்கவேண்டும் என்கிற கேள்வி, தலைமை நர்ஸ் கையேட்டைப் பார்த்துவிட்டு ஆமாம் என்றார்.

இதோடு முடிந்ததா? இல்லை. எழுத்துத் தேர்வை வாயால் எழுதியது செல்லாது என்று "நாளைக்கு வாங்க" மூன்று வாரம் முடிவை நிறுத்திவைத்தார். கட்டம் அச்சடித்தது யார் என்று தலைமை நர்ஸ் கேட்டார். கடிதம் போனது, கடிதம் வந்தது. போன வெள்ளிக்கிழமை முடிவு சொன்னார்கள்: ஆறு மாதத்துக்குத் தற்காலிகப் பொறுப்பாளர், அப்புறம் மறுபடி தேர்வு, ஆனால் அந்தத் தேர்வில் கேட்கிறவர்களுக்குக் கேள்வியைப் படித்துக் காட்டலாம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இது அரைகுறையாகத்தான் படுகிறது. நாற்பத்தாறு வாங்கியவளுக்கு எதற்கு இன்னொரு தேர்வு? அக்கா, "விடுங்கப்பா, இப்போதைக்கு இது போதும்" என்கிறாள். ஆமாம், பேசுகிறாள். பத்தாம் நாள் தானாகவே வந்து குழாய்க்கு வாஷர் மாற்றினீர்களா என்று கேட்டாள், அதுதான் முதல் வார்த்தை. நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்கத் தெரியாமல் கேட்டேன், வார்த்தை குழறியது, "சரி, டீ ஆறுது, குடிங்க" என்றாள். நடைவழியில் நான் கத்தியதைக் கேட்டவர்களில் துணிப் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் அவளிடம் தனியாக வந்து, எங்களுக்கும் அப்படித்தான் அக்கா என்று சொன்னார்களாம். அதற்காக நான் கத்தியது சரி என்று ஆகாது. இதையும் அம்மாதான் சொன்னாள்.

உனக்கு இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் போட்டோவை எடுத்துவிடு. அந்தக் கடைசி வரியை எடு. நீ சோதித்ததில் வந்தது என்னவோ அதைப் போடு, ஒன்றும் வரவில்லை என்றால் வரவில்லை என்று போடு. உன் கம்பெனிக்காரர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். எழுத்து வரைவதை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. உன் எழுத்து யாருக்காவது உதவலாம், எனக்குத் தெரியாது, உனக்கும் இன்னும் தெரியாது. அடித்தடிமன் எதற்கு என்று கேட்டேனே, வேற்று மொழி எழுத்தில் சிலது தலைகீழாகத் தெரியும், அதற்காகச் செய்தார்கள், நாங்களும் செய்தோம் என்றாய். நம் எழுத்தில் எதுடா தலைகீழாகத் தெரிகிறது? உன் அக்காவுக்கு எது சிக்குகிறது என்று தெரிய வேண்டுமானால் அவள் எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். மூன்று வருஷம் அவளுக்காக வரைந்தவன் ஒரு நாள் அவளிடம் கேட்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் அவளை வளர்த்தவனும் கேட்கவில்லை. அதனால் உன்னைத் திட்ட எனக்குப் பாதி உரிமைதான் இருக்கிறது, அந்தப் பாதியை முழுசாகப் பயன்படுத்திவிட்டேன். அவளுக்கு உடனே போன் போட்டு "ஸாரிக்கா" என்று அவசரமாகச் சொல்லி முடித்துவிடாதே. முதலில் பக்கத்தைச் சரிசெய். பிறகு விடுப்புப் போட்டுவிட்டு வா.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, இருமலை அலட்சியம் செய்யாதே, பட்டினியோடு வேலை செய்யாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கைவேலை நாலு பேருக்குப் பயன்பட வேண்டும் என்பதைத் தவிர எனக்கும் அம்மாவுக்கும் வேறு எண்ணம் இல்லை. இந்தக் கடிதத்தை அக்காவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லப் போகிறேன். அவளைப் பற்றி அவளிடம் காட்டாமல் எழுதி அனுப்பினால் எனக்கும் உனக்கும் என்ன வித்தியாசம். வேண்டாம் என்று அவள் சொன்னால் கிழித்துப் போட்டுவிடுவேன். உன் கைக்கு வந்திருந்தால் அவள் சரி என்றாள் என்று வைத்துக்கொள். ஞாபகம் வைத்துக்கொள், போட்டோதான் முதல் வேலை.

கோபம் தீராமலும் அன்பு குறையாமலும்,
உன் அப்பா

தம்பி,

இத படிக்க எனக்கு ஒறு மணி நேரம் ஆச்சு. அப்பா என்னப் பத்தி எழுதினது பாதி சறி. நான் அந்த ஆள்கிட்ட அவ்வளவு தைறியமா எல்லாம் பேசல, சொல்ல வேண்டியத முன்னாடியே மனப்பாடம் பண்ணிட்டு போனேன். போட்டோவ எடு. வேற போட்டோ வேனும்னா கேளு, வேலைல எடுத்தது ஒன்னு இருக்கு, தொப்பியோட, அத தரேன். நீ வந்தா உன் புத்தகத்த வச்சு எங்க எங்க எனக்கு சிக்குதுன்னு காட்டுறேன். நெறய இடம் இருக்கு. திட்டவும் செய்வேன்.

உன் ழ மட்டும் ரொம்ப அழகா இருக்கு. அத மாத்தாத.

அக்கா